என் பந்தையும் எடுத்தார்கள்

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை காலை. பினாங்குப் பாலம் தாண்டி, ஜுருவையும் தாண்டிப் போனால் வரும் ஒரு கோல்ஃப் திடலில் இது நடந்தது. கையில் மட்டையோடு நான் ஏன் அங்கே நின்றுகொண்டிருந்தேன் என்பது அந்த நேரத்தில் எனக்கே விளங்கவில்லை.

நான் பினாங்கில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் சின்ன மேனேஜர். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். வரி கட்ட வந்து, வரிசையில் நின்று, எங்களைத் திட்டியிருப்பீர்கள். அந்த அறிமுகம் போதும். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. அறைக்குள் என் வயிறு முதலில் போகும், நான் பின்னால் போவேன். ஆண்டு விருந்தில் மைக் பிடித்து ஜோக் அடிப்பதைத் தவிர ஆபீசில் எனக்கு வேறு புகழ் கிடையாது.

அந்த வாரம் என் மேலதிகாரி என் மேசைக்கு வந்து நின்றார். என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார்.

“அண்ணே, சனிக்கிழம ஃப்ரீயா?”

“ஃப்ரீதான் மேடம். எங்க மைக் பிடிக்கணும்?”

“மைக் இல்ல. கோல்ஃப் மட்டை பிடிக்கணும்.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அரசாங்க இலாகாக்களுக்குள் ஒரு நட்புப் போட்டி. அணிக்கு நான்கு பேர். எங்கள் அணியில் ஒருவருக்கு டெங்கி வந்துவிட்டது. மூன்று பேரோடு போனால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம். ஆபீசில் சனிக்கிழமை வேலை இல்லாத ஆள், ‘முடியாது’ என்று சொல்லத் தெரியாத ஆள், இரண்டும் நான்தான்.

போகும்போது திரும்பி இன்னொன்றும் சொன்னார். “அந்தத் தம்பி டிரான்ஸ்ஃபர் விஷயம். திங்கக்கிழம முடிவு சொல்லிடுங்க அண்ணே. நீங்க என்ன சொல்றீங்களோ அதான்.”

அந்தத் தம்பி என் பிரிவில் வேலை பார்ப்பவர். முப்பது வயது இருக்கும். நல்ல பிள்ளை, ஆனால் கவுண்டரில் உட்கார வைத்தால் உறைந்து போவார். ஒருவர் குரலை உயர்த்திவிட்டால் போதும், பேனா மூடியைக் கழற்றுவார், போடுவார், கழற்றுவார், வாய் மட்டும் திறக்காது. அதனால் அவரைப் பின்னறையில் கோப்பு அடுக்க விட்டிருந்தேன். இப்போது கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் அலுவலகத்தில் இடம் காலி. அனுப்பிவிட்டால் அவருக்குப் பதிலாக எனக்கு வேறு ஆள் கிடைப்பார். அவர் வீடு இந்தப் பக்கம், ஜெலுத்தோங் அடுக்குமாடியில். மனைவிக்குத் தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட். பிள்ளையைப் பள்ளியில் விடுவது இவர்தான். பாலம் தாண்டி வேலை என்றால் அந்த வீட்டின் காலை நேரமே கவிழ்ந்துவிடும். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும், ‘அனுப்பிவிடலாம்’ என்று பாதி முடிவு எடுத்திருந்தேன்.

வீட்டில் கோல்ஃப் செய்தியைச் சொன்னேன். மனைவி சமையலை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

“நீங்களா? கேரம் ஆடுறப்பவே ஸ்ட்ரைக்கர சோபாவுக்கு அடியில தள்ளுற ஆளு நீங்க!”

மச்சானிடம் பழைய மட்டைகளை இரவல் வாங்கி, இரண்டு மாலை பயிற்சித் திடலில் போய் அடித்துப் பார்த்தேன். மண் நிறைய பறந்தது. பந்து இருந்த இடத்திலேயே இருந்தது.

சனிக்கிழமைதான் அணியைப் பார்த்தேன். மேடம் நன்றாக ஆடுவார். சீன இன்ஜினியர் ஒருவர், அவர் இன்னும் நன்றாக ஆடுவார். மூன்றாமவர் கணக்குப் பிரிவு அதிகாரி, சூலியா தெருவில் குடும்பக் கடை உள்ள தமிழ் முஸ்லிம் தம்பி. தோற்பதற்கென்று அவர் அதிகாலையில் எழுந்து வரவில்லை.

ஆட்ட முறையை மேடம் விளக்கினார். குறைந்த அடிகளில் எல்லாக் குழியையும் முடிக்கும் அணிக்கு வெற்றி. ஒவ்வொரு குழிக்கும் நான்கு பேரும் முதல் அடி அடிக்க வேண்டும். அதில் எந்தப் பந்து நல்ல இடத்தில் விழுந்ததோ அதை எடுத்துக்கொண்டு, எல்லாரும் அங்கிருந்தே அடுத்த அடி அடிக்கலாம். கேட்டதும் எனக்கு நிம்மதி. நான் எவ்வளவு கேவலமாக அடித்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. திடலுக்குள் ஓடும் பக்கி வண்டியில் உட்கார்ந்து காற்று வாங்கலாம்.

“ஆனா ஒரு ரூல் இருக்குண்ணே,” என்றார். “ஒவ்வொருத்தரோட முதல் அடியையும் ரெண்டு தடவையாவது எடுத்தே ஆகணும்.”

கணக்குத் தம்பி என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

அந்த விதியை யார் யோசித்து வைத்தார்கள் என்று ஆச்சரியமாக இருந்தது. ஜெயிக்க வந்த இடத்தில் எதற்கு மோசமான ஆளின் பந்தை எடுக்கச் சொல்கிறார்கள்? முதல் குழி முழுக்க இதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டாவது குழிக்குத் தூரம் குறைவு. மணல் பள்ளம் இல்லை, குளம் இல்லை. இன்ஜினியரின் பந்து பறந்துபோய்க் குழிக்குப் பக்கத்தில் விழுந்தது. என் பந்து மூன்று பஸ் நீளத்துக்கு உருண்டு, களைத்துப்போய் நின்றது. அடித்த நானும் களைத்துத்தான் நின்றேன்.

மேடம் என் பந்தைக் காட்டினார். “இத எடுத்துக்கலாம்.”

“அலாமாக்!” கணக்குத் தம்பி தலையில் கை வைத்தார். “மேடம், அது பந்து அடிச்சதா, கால் தடுக்கி உருண்டதா? அங்க பாருங்க, இவரு பந்து கிட்டத்தட்ட குழிக்குள்ள கெடக்கு!”

இன்ஜினியர் மட்டும் மட்டையைத் துடைத்துக்கொண்டே, “ஓகே லா, ஓகே லா” என்றார்.

எனக்கும் பொறுக்கவில்லை. “ஏன் மேடம் என் பந்து? வேற எங்கயாவது பின்னால பாத்துக்கலாமே?”

“பின்னாலன்னா எங்க? கடைசி ஹோல்லயா? அங்க குளம் இருக்குண்ணே. உங்களுக்கும் கை நடுங்கும், எங்களுக்கும் நடுங்கும். இங்க எடுத்தா ஒண்ணும் ஆகாது. உருண்டாலும் நேராத்தான உருண்டுச்சு? மிச்சத்த நாங்க மூணு பேரு பாத்துக்குறோம்.”

பார்த்தும் கொண்டார்கள். அங்கிருந்து இன்ஜினியர் அடித்த அடி போய்க் குழியைச் சுற்றியுள்ள பச்சைத் தரையில் உட்கார்ந்தது. ஒரே ஓர் அடிதான் கூடுதலாகச் செலவானது.

அதற்குப் பிறகு என் உடம்பிலிருந்து ஏதோ பாரம் இறங்கிப்போன மாதிரி இருந்தது. பந்து வழக்கம்போல மரத்தைத் தேடிப் போனது. ஆனால் நான் மட்டையை நெரித்துப் பிடிப்பதை விட்டிருந்தேன். பாதி ஆட்டம் முடிந்திருக்கும், என் பந்து வண்டிகள் போகும் சிமெண்டுப் பாதையில் விழுந்து, தவளை மாதிரி துள்ளித் துள்ளி, எல்லார் பந்தையும் தாண்டிப் போய் நின்றது.

“இது சீட்டிங் லா அண்ணே!” என்றார் கணக்குத் தம்பி. ஆனால் அவர்தான் முதலில் ஓடிவந்து என் கையைக் குலுக்கினார். அதையும் எடுத்துக்கொண்டோம். என் கடன் முடிந்தது.

கடைசிக் குழியில் எங்களுக்கு முன் போன அணி இன்னும் அடித்து முடிக்கவில்லை. காத்திருந்தோம். காலையிலிருந்து அவர்கள்தான் எல்லாரையும்விடக் குறைந்த அடியில் ஆடிவந்தார்கள் என்று பேச்சு. அவர்களிலும் என்னைப் போல ஒருவர் இருந்தார். அதே வயது, அதே வயிறு. அவருடைய பந்தை அவர்கள் எடுக்காமலே வந்து, கடைசி இரண்டு குழிக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். இப்போது அவர் எப்படி அடித்தாலும் அந்தப் பந்தைத்தான் எடுத்தாக வேண்டும். முன்னால் குளம்.

அவர் தொப்பியைக் கழற்றினார். போட்டார். மறுபடி கழற்றினார். அவருடைய ஆட்கள் மூன்று பேரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். அடித்தார். ‘ப்ளக்’ என்று ஒரு சத்தம்.

யாரும் திட்டவில்லை. “பரவால்ல” என்று ஒருவர் போனைப் பார்த்தபடி சொன்னார். அந்த மனிதர் பக்கி வண்டியில் ஏறாமல் புல்லில் தனியாக நடந்து போனார்.

அந்தத் தொப்பியைப் பார்த்தபோதுதான் எனக்குப் பேனா மூடி ஞாபகம் வந்தது. எங்கள் தம்பியை நான் எப்போது கவுண்டரில் உட்கார வைத்தேன்? வரி கட்டக் கடைசி நாளில். அன்றைக்கு ஆள் பற்றாக்குறை, வரிசை வாசல் தாண்டி வெயிலில் நிற்கிறது, எல்லாருக்கும் கோபம். மற்ற நாளெல்லாம், ஆள் வராத செவ்வாய்க்கிழமை மத்தியானங்களில்கூட, அவரைப் பின்னறையில் வைத்திருந்துவிட்டு, குளத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, ‘அடி’ என்றிருக்கிறேன். பந்து தண்ணீரில் விழுந்ததும், ‘இவருக்குக் கவுண்டர் சரிப்படாது’ என்று முடிவும் கட்டியிருக்கிறேன்.

“அண்ணே, உங்க டர்ன்,” என்றார் மேடம்.

போய் அடித்தேன். பந்து அழகாக எழும்பி, நேராக அதே குளத்தில் விழுந்தது. அதே ‘ப்ளக்’.

எங்கள் அணி விழுந்து விழுந்து சிரித்தது. கணக்குத் தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மீனுக்கு அடிபட்டிருக்கும்ணே, போய் சாரி சொல்லிட்டு வாங்க!” என்றார். நானும்தான் சிரித்தேன். அதே குளத்தில் விழுந்த இன்னொரு பந்துக்கு ஏன் யாராலும் சிரிக்க முடியவில்லை என்ற கேள்வி மட்டும் சிரிப்புக்கு நடுவில் உள்ளே உட்கார்ந்துகொண்டது.

நாங்கள் ஜெயிக்கவில்லை. அதிர்ஷ்டக் குலுக்கலில் எனக்கு ஒரு ரைஸ் குக்கர் விழுந்தது. கோல்ஃபில் நான் வாங்கிய பரிசு என்று இன்றுவரை அதைத்தான் காட்டுகிறேன்.

திங்கட்கிழமை மேடம் கேட்டார். “டிரான்ஸ்ஃபர் என்னாச்சுண்ணே? அனுப்பிடலாமா?”

“வேணாம் மேடம். நாம இன்னும் அந்தத் தம்பியோட பந்த நல்ல எடத்துல ஒரு தடவகூட எடுக்கல.”

மேடம் சிரித்தார். “சரி. ஆனா சேர்ந்து தோத்தா நீங்கதான் பதில் சொல்லணும்.”

“தோக்கறதுல எனக்கு இப்ப அனுபவம் இருக்கு மேடம்.”

மறுநாள் செவ்வாய் மத்தியானம், தம்பியைக் கவுண்டருக்குக் கூப்பிட்டேன். முகம் வெளுத்துவிட்டது. “அண்ணே, நானா?”

“ஒரு மணி நேரம்தான் தம்பி. கூட்டமே இல்ல. நான் இங்கதான் இருக்கேன்.”

முதலில் வந்தது ஒரு சீனப் பாட்டி. கையில் கசங்கிய பில், சத்தமான குரல். தம்பியின் கை பேனா மூடிக்குப் போனது. நான் பக்கத்தில் குனிந்து, இல்லாத ஸ்டாப்ளரைத் தேடிக்கொண்டிருந்தேன். மூடியைக் கழற்றி மாட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “ஆன்ட்டி, டுடுக் டுலு,” என்று தம்பி மலாயில் முதலில் உட்காரச் சொல்வது கேட்டது. பாட்டி உட்கார்ந்தார். குரல் இறங்கியது. வேலை முடிந்தது. நேரம் கொஞ்சம் கூடத்தான் ஆனது. நேராக உருண்டது, அது போதும்.

தம்பி இன்னும் எங்களோடுதான் இருக்கிறார். இன்னும் மெதுவானவர்தான். ஆனால் வரி கட்டும் கடைசி நாளிலும் இப்போது கவுண்டரில் அவர் இருக்கிறார். காலையில் பிள்ளையைப் பள்ளியில் விட்டுவிட்டுத்தான் வருகிறார். போன தடவை யாரோ கத்தியபோது அவர் கையில் பேனா மூடி சுழன்றது, ஆனால் வாய் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

கோல்ஃபை அன்றோடு விட்டுவிட்டேன். ஆனாலும் புதிதாக ஒரு வேலையைப் பிரித்துக் கொடுக்க உட்காரும்போதெல்லாம், இதுவரை யாருடைய பந்தை நாம் எடுக்கவே இல்லை என்று அறையை ஒருமுறை சுற்றிப் பார்க்கிறேன். அன்றைக்கு நான் வானத்தைப் பார்த்த மாதிரி, அந்த ஆள் எங்காவது கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பார்.