செவ்வாய் ராத்திரி ரெண்டு நாற்பது

கிரிகரி தன் வாழ்க்கையில் தாமதமாகப் போன இடம் ஒன்றே ஒன்றுதான். அது அவருடைய கல்யாணம். அதுவும் அன்றைக்கு பிரிக்பீல்ட்ஸில் வெள்ளம் ஏறியதால். மற்றபடி ஐம்பத்தொன்பது வருடத்தில் எங்கேயும் ஐந்து நிமிடம் பிந்தியதில்லை என்று மனைவி சாந்தமேரியே சொல்லுவார். அதில் பாதி பெருமை, பாதி சலிப்பு.

எல்லாம் அப்பா பழக்கிவிட்டது. அப்பா ரயில்வேயில் சிக்னல்காரர். அவர்கள் குவாட்டர்ஸ் வீட்டில் காலை, ராத்திரி என்ற பேச்சுக்கெல்லாம் மதிப்பில்லை. மணி பன்னிரண்டு அடித்தால் மறுநாள், அவ்வளவுதான். பிள்ளைகள் யாராவது வாய்தவறி "நேத்து ராத்திரி ஒரு மணிக்கு" என்று சொல்லிவிட்டால், "இன்னைக்கு ஒரு மணிக்குடா" என்று திருத்தாமல் அந்த மனிதர் சோற்றில் கை வைக்க மாட்டார். நாட்காட்டியைத் திருத்திய போப்பாண்டவரின் பெயர் தனக்கு வாய்த்ததில் கிரிகரிக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறையில் முப்பது வருடமாக அவர் ஆய்வுக்கூட உதவியாளர். கடைசி ஆறு வருடம் பல்சர் குழுவோடு. கடல் தாண்டி எங்கோ இருக்கும் பெரிய ரேடியோ தொலைநோக்கி எந்த நாள் எத்தனை மணிக்கு எந்த நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும் என்று படிவம் போடுவது அவர் வேலை. நம் நேரத்தில் எட்டு மணியைக் கழித்து, அங்கே கேட்கும் நேரத்தில் எழுத வேண்டும். ஆறு வருடத்தில் ஒரு படிவமும் திரும்பி வந்ததில்லை. "கிரிகரி அங்கிள் போட்டா செக் பண்ண வேணாம்" என்பது அந்தத் துறையில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வது.

அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி ஷாமினி. கிள்ளான்காரி, மேருவில் லோரி ஓட்டுகிறவரின் மகள். நான்கு வருடமாக ஒரே ஒரு பல்சரைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாள். பல்சர் என்பது செத்துப்போன நட்சத்திரம். பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளானுக்குப் போகும் வழியில் பாதியைத் தாண்டும், இருபது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான் அகலம். எடையோ சூரியனைவிட அதிகம். அவளுடையது விநாடிக்கு முந்நூறு தடவை சுற்றி, சுற்றுக்கு ஒரு துடிப்பு அனுப்புகிறது. அதற்கு ஒரு துணை நட்சத்திரம். இரண்டும் ஒன்பது நாளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. பல்சரின் எடை சரியாக எவ்வளவு என்பதுதான் ஷாமினியின் கேள்வி.

எடையை எப்படிப் பார்ப்பாய் என்று கிரிகரி ஒருமுறை கேட்டார். ஒன்பது நாளில் ஒரு தடவை பல்சர் துணைக்குப் பின்னால் போகும், அப்போது துடிப்பெல்லாம் துணையின் ஈர்ப்பைக் கடந்து வருவதால் விநாடியில் லட்சத்தில் ஒரு பங்கு தாமதமாகும், அந்தத் தாமதத்தை அளந்தால் துணையின் எடையும் பாதையின் சாய்வும் தெரிந்து பல்சரின் எடை வந்துவிடும் என்றாள் அவள். ரயில்காரர் மகனுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ரயில் எவ்வளவு லேட் என்று தெரிந்தால், வழியில் எதனால் மாட்டியது என்று அப்பா சொல்லிவிடுவார்.

பாதையின் மற்ற இடங்களையெல்லாம் அளந்தாயிற்று. அந்த மறைவு மட்டும் பாக்கி. அது இல்லாவிட்டால் எடைக்குப் பக்கத்தில் 'குறைந்தது இவ்வளவு' என்றுதான் எழுத முடியும். தொலைநோக்கியில் குழுவுக்கு மிச்சமிருந்தது ஆறு மணி நேரம். அடுத்து கேட்க ஆறு மாதம் ஆகும். ஷாமினியின் ஆய்வு மாணவர் பதிவோ அடுத்த மாதம் முடிகிறது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவள் கிள்ளானில் ஒரு கல்யாண மண்டபத்திலிருந்து கூப்பிட்டாள். பின்னால் நாதஸ்வரம் காதைப் பிளந்தது.

"அங்கிள், புதுக் கணக்கு போட்டுட்டேன். செவ்வாய்க்கெழம ராத்திரி ரெண்டு நாப்பது, அதுதான் நடு. முன்னால மூணு மணி நேரம், பின்னால மூணு மணி நேரம். இன்னைக்கு அஞ்சுக்குள்ள ஃபார்ம் போட்டுருங்க லா."

"செவ்வாய், ரெண்டு நாப்பது. நம்ம டைம்தானே?"

"நம்ம டைம்தான் அங்கிள்."

கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்ட திருப்தியோடு கிரிகரி எட்டு மணியைக் கழித்துப் படிவத்தை அனுப்பினார். கழித்தலில் பிழையே இல்லை.

செவ்வாய் காலை வேலைக்கு வந்தபோது, ஆறு மணி நேரமும் பார்த்து முடித்தாயிற்று என்று தொலைநோக்கியிலிருந்து கடிதம் வந்திருந்தது. ஒரு பெரிய காரியத்தைக் கரையேற்றிவிட்ட நிம்மதியில் அவர் இன்னொரு காப்பி குடித்தார்.

மூன்று மணிக்கு ஷாமினி கறிபாப் பலகாரப் பொட்டலத்தோடு வந்தாள்.

"சாப்புடுங்க அங்கிள். எனக்கு இன்னைக்கு தூக்கமே வராது."

"ஏம்மா?"

"என்ன அங்கிள், ராத்திரி ரெண்டு நாப்பதுக்கு நம்மாளு பின்னால போறாரு இல்ல? இங்கேருந்து பாக்க ஒண்ணுமில்லதான். ஆனாலும் அலாரம் வச்சிட்டேன்."

கிரிகரி கையிலிருந்த கறிபாப்பைத் திரும்பப் பொட்டலத்தில் வைத்தார். இன்றைக்குச் செவ்வாய். இனிமேல் வரும் ரெண்டு நாற்பது புதன் அல்லவா என்று வாய்வரை வந்தது. வந்த இடத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பெண் வீட்டில் விடிந்தால்தான் மறுநாள். அவள் அப்பா திங்கள் ராத்திரி மூன்று மணிக்கு லோடு ஏற்றப் போகிறேன் என்றால் அது திங்கள் படுத்து எழுந்து போவது. சிவராத்திரிக்கு விடிய விடிய கண்விழித்தாலும் அது ஒரே ராத்திரிதான். ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் பேசுகிறார்கள். சாந்தமேரியே அப்படித்தான் பேசுவார், முப்பது வருடமாக இவர் திருத்திக்கொண்டிருக்கிறார்.

ஒருநாள் முன்னாலேயே பார்த்து முடித்தாயிற்று.

"தோ வரேன்மா" என்று பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். தொலைநோக்கிக்குப் போன் போட்டார். மறுமுனைப் பெண் பொறுமையாகத்தான் பேசினாள். இன்றைக்கு வேறொரு குழுவின் முறை. கருவி பழுதாகியிருந்தால் நேரத்தைத் திருப்பித் தரலாம், படிவத்தில் எழுதியபடியேதான் நடந்திருக்கிறது, மன்னிக்கவும். ஒரு மணி நேரமாவது கொடுங்கள், தப்பு என்னுடையது, அந்தப் பிள்ளையுடையது இல்லை என்று கெஞ்சினார். முப்பது வருட வேலையில் அவர் யாரிடமும் கெஞ்சியதில்லை. பேராசிரியரைக் கூப்பிட்டார், அவர் கேட்டுப்பார்க்கிறேன் என்றார். ஐந்து மணிக்குப் பதில் வந்தது. முடியாது.

அதற்குமேல் கதவுக்குப் பின்னால் நின்று ஆகப்போவது ஒன்றுமில்லை. வெளியே வந்து சொன்னார்.

"ஆறு மணி நேரமுமா அங்கிள்?"

"ஆறும் போச்சும்மா."

அவள் கத்தவில்லை. கத்தியிருக்கலாம் என்று அவருக்கு இருந்தது.

"நான் செவ்வா ராத்திரின்னுதானே சொன்னேன்?"

"அப்படித்தாம்மா சொன்ன."

"புதன் காலைன்னு சொல்லியிருக்கணும்."

"எந்த ராத்திரின்னு நான் கேட்டிருக்கணும்."

ஒருவர்மேல் தப்பு இருந்தால் சண்டை போட்டாவது தீர்த்துக்கொள்ளலாம். இங்கே இரண்டு பேர் சொன்னதும் சரி. அவர்களுக்குத் தெரிந்த அந்த நிமிடம் உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாது. இன்னும் ஒன்பது மணி நேரத்தில் அது வரத்தான் போகிறது, ஒருவரும் பார்க்காமல் போகத்தான் போகிறது. ஷாமினி பையை எடுத்துக்கொண்டு கிள்ளானுக்குக் கிளம்பினாள். கறிபாப் அப்படியே கிடந்தது.

மறுநாள் காலை வழக்கம்போல எட்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே கிரிகரி வந்துவிட்டார். ஷாமினி அவருக்கு முன்னாலேயே வந்திருந்தாள். கண் சிவந்திருந்தது. திரையில் அந்த ஆறு மணி நேரத்து அளவுகள் இருந்தன. புள்ளிகளெல்லாம் ஒரே நேர்கோட்டில் நின்றன.

"நாலு வருஷத்துல இவ்வளவு க்ளீன் டேட்டா வந்ததே இல்ல அங்கிள்" என்றாள்.

கிரிகரி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். எல்லாத் துடிப்பும் சொன்ன நேரத்துக்கு வந்திருந்தது. எதுவும் துளிகூடத் தாமதமில்லை. தாமதமில்லாத ஒன்றைப் பார்த்து அவர் வருத்தப்பட்டது அன்றைக்குத்தான். ஷாமினி ஆய்வேட்டைத் திறந்து, எடை என்ற கட்டத்தில் எண்ணுக்கு முன்னால் 'குறைந்தது' என்று தட்டினாள்.

பிறகு திரும்பாமலேயே கேட்டாள்.

"நேத்து ராத்திரி ரெண்டு நாப்பதுக்கு முழிச்சிருந்தீங்களா அங்கிள்?"

'இன்னைக்கு' என்ற சொல் பழக்கத்தில் நாக்குநுனிவரை வந்தது. கிரிகரி அதை விழுங்கினார்.

"ஆமாம்மா" என்றார். "நேத்து ராத்திரி முழிச்சிருந்தேன்."