புளியாணமும் தலைகீழ்ப் பெட்டியும்

எனக்கு எழுத்து அதிகம் வராது. கடைப் பலகையை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். எண்களில் மட்டும் என்னை ஒருவரும் ஏமாற்ற முடியாது. ஆனால் புளி கரைத்து, மீன் போட்டு ஆணம் வைப்பதில் ஆரையம்பதியில் என்னை மிஞ்சிய ஆள் இருந்ததில்லை. இதை நானாகச் சொல்லவில்லை, சாப்பிட்டவர்கள் சொன்னார்கள்.

சாப்பிட்டும் சொல்லாத ஒரே ஆள் என் மச்சாள். என் கணவரின் மூத்த அக்கா; அவருக்கும் நான் மச்சாள்தான். வேலிக்கு அந்தப் பக்கம் அவர் வீடு, இந்தப் பக்கம் எங்கள் வீடு. அவருடைய கணக்கில் ஊரிலேயே திறமான புளியாணம் அவருடையதுதான். இரண்டு சட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாலு பேரைக் கொண்டு ருசி பார்த்து வழக்கை முடித்துவிடுவது என்று இருந்தோம். அதற்குள் வாவியில் தோணி இறக்கக் கூடாது என்று தடை போட்டுவிட்டார்கள். சண்டைக் காலம். ஏன், எவ்வளவு நாளைக்கு என்று யாரிடம் கேட்பது? தோணிகள் கரையில் கவிழ்ந்து கிடந்தன. மணலை மீன்கள் வாவிக்குள் நிம்மதியாகக் கொழுத்தன. சட்டிகள் காய்ந்தன. எங்கள் வழக்கு மட்டும் கொதித்துக்கொண்டே இருந்தது.

அந்த நேரம் எங்கள் வீட்டில் ஒரு கேம் பெட்டி இருந்தது. வெளிநாட்டில் இருக்கும் என் தம்பி லீவில் வந்தபோது கொண்டுவந்து, போகும்போது விட்டுவிட்டுப் போனது. சாம்பல் நிறம், சோற்றுக் கோப்பை அளவு. மூடியைத் திறந்து சீடியை வைத்து டீவியில் பொருத்தினால் கார் ஓட்டலாம். அங்கே அது பழசாம். எங்களுக்குப் புத்தம் புதுசு. "அக்கா, இதுக்குச் சூடுதான் எதிரி. கவனமா வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனான். கவனம் என்றால் எனக்கு ஒரே அர்த்தம்தான். ரேடியோவுக்கும் டீவிக்கும் போட்டிருந்ததைப் போல அதற்கும் வெள்ளை நூலில் பூப்பூவாக ஒரு மூடுதுணி பின்னிப் போட்டேன். பார்த்தவர்கள் துணியைத்தான் புகழ்ந்தார்கள்.

ஊரடங்கு போடுகிற நாட்களில் நானும் மச்சாளும் அந்தப் பெட்டிக்கு முன்னால்தான் இருப்போம். அப்படி ஒருநாள் மச்சாள்தான் தொடக்கினார்.

"மீன் இல்லாட்டி என்னகா? காரில பாப்பம். மூண்டு ஓட்டம். தோக்கிற ஆள் வேலியில நிண்டு, மத்த ஆள்ர புளியாணந்தான் ருசி எண்டு ஊர் கேக்கச் சொல்லணும்."

"மறுகா சொல்லு மாறப்படாது மச்சாள்."

"நானா மாறுவன்? நீ இப்பவே தொண்டையச் செருமி வெச்சிரு."

நடுவர் என் கணவர். தோணி இல்லாத மனிதருக்கு வேறு வேலையும் இல்லை. ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் பெண்சாதி. பாவம், சுவரோடு ஒட்டிக்கொண்டு இருந்தார்.

டீவியில் மேல்பாதி எனக்கு, கீழ்பாதி மச்சாளுக்கு. முதல் ஓட்டம் அவர் வென்றார். இரண்டாவது நான். மூன்றாவது தொடங்கியதும் படம் திக்கித் திக்கி நின்றுபோனது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தேன். ரொட்டிக் கல்லில் கை வைத்ததுபோல் இருந்தது.

மச்சாள் என் துணியை இரண்டு விரலால் தூக்கினார். பெட்டியின் பக்கத்தில் சூடு போவதற்கென்று இருந்த துவாரங்கள் எல்லாவற்றையும் என் பூக்கள் அடைத்துக்கொண்டு இருந்தன.

"இந்த வெயிலுக்குள்ள இதுக்குக் கம்பளிச் சட்டையா? நல்ல காலம், தொப்பி பின்னல்ல!"

அதோடு விடவில்லை. முற்றத்தில் போய் வேப்பங்கொப்பு முறித்துவந்து பெட்டியைச் சுற்றி வைத்தார். எங்கள் பக்கத்தில் வைகாசி மாதம் அம்மனின் சூடு தணியக் குளிர்த்தி செய்வார்கள். "அம்மனே குளிருறா, இது குளிராதா?" என்று விசிறியால் வீசத் தொடங்கினார். நானும் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துவந்தேன். அப்போதுதான் என் கணவர் வாயைத் திறந்தார்.

"ஒரு சொட்டுத் தண்ணி பட்டுது, கரண்ட் அடிச்சு உங்க ரெண்டு பேருக்குந்தான் குளிர்த்தி!"

பெட்டி ஆறியது. ஆனால் ஓடவில்லை. சீடி உள்ளே சுற்றுகிறது, படம் வரவில்லை. மச்சாள் கொஞ்ச நேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு பெட்டியை அப்படியே தூக்கிக் குப்புறக் கவிழ்த்து வைத்தார்.

"கருவாடு ஒரு பக்கம் காஞ்சா என்ன செய்யிற? கிறுக்கி மறுபக்கம் போடுறதானே!"

ஓடியது! உள்ளே சீடியைப் படிக்கிற கண் சூட்டில் சரிந்துபோகும் என்றும், கவிழ்த்தால் நேராகும் என்றும், அங்கேயும் ஆட்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்றும் தம்பி பிறகு டெலிபோனில் சொன்னான். அதை நான் இன்றுவரை மச்சாளுக்குச் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

கடைசி ஓட்டம். பாதித் தூரம்வரை மச்சாள்தான் முன்னுக்கு. கடைசி வளைவில் அவர் தன் உடம்பையும் சேர்த்து வளைத்து என் தோளில் இடித்தார். நானும் இடித்தேன். அந்த இடியில் என் கார் முந்தியது. மேல்பாதியில் 'ஒன்று' என்ற எண் வந்தது. முடிகிற கோடும் தெரிகிறது. அந்த இடத்தில் படம் மறுபடி உறைந்து நின்றது. எந்தப் பொத்தானை அமத்தினாலும் அசையவில்லை.

"மேல ஒண்டு. நான்தான்!" என்று எழும்பினேன்.

"இருகா. பெட்டி தலகீழாக் கிடக்கா, இல்லையா?"

"கிடக்கு."

"அப்ப மேல தெரியிறதுதான் கீழ. அந்த ஒண்டு என்ட."

"டீவி நேராத்தானே இருக்கு!"

"படம் டீவிக்குள்ள இருந்தா வருது? பெட்டிக்குள்ள இருந்துதானே வருது!"

நடுவரைப் பார்த்தேன். "கிணத்தில தண்ணி கிடக்கா எண்டு பாத்துட்டு வாறன்" என்று அவர் எழும்பிப் போய்விட்டார்.

என் புளியாணத்தின் மானம் அந்த உறைந்த படத்தில் தொங்குகிறது. விடுவேனா?

"சரி மச்சாள். நீங்க சொல்லுறது மெய்யெண்டா, பெட்டிய நிமித்தினா படமும் தலகீழாக் கிறுகணும். கிறுகினா நான் வேலிக்குப் போறன். கிறுகாட்டி நீங்க."

மச்சாள் கையை நீட்டி மறித்தார். "பெட்டி பழுதாப் போகும்கா."

"போகட்டும்."

நிமிர்த்தினேன். உள்ளே தேங்காய் திருவுவதுபோல ஒரு சத்தம். படம் கிறுகவில்லை. மேல்பாதியில் என் 'ஒன்று' அசையாமல் நின்றது. இருவரும் நன்றாகப் பார்த்தோம். பிறகு வயர் கருகும் மணம் வந்தது. படம் போனது, பெட்டியின் சின்ன வெளிச்சமும் போனது. அதற்குப் பிறகு அது கண் திறக்கவே இல்லை. நல்ல பெட்டி. தீர்ப்பைச் சொல்லிவிட்டுத்தான் செத்தது.

மச்சாள் சொல் மாறவில்லை. வேலியடிக்குப் போனார், தலைமயிரை அள்ளி முடிந்தார், அயலட்டம் எல்லாம் கேட்கக் கூப்பிட்டார்.

"எல்லாரும் கேளுங்ககா! இந்த ஊரிலேயே என்ட மச்சாள்ர புளியாணந்தான் ருசி!"

எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அவர் மூச்செடுக்கத்தான் நிறுத்தியிருக்கிறார்.

"மீன் கிடையாத காலத்தில!"

வேலிக்கு வேலி சிரிப்பு. கிணற்றடியில் நின்ற என் கணவர்தான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். அன்றைக்கு அவருக்குப் பிளேன்டீ கிடைக்கவில்லை.

தடையை எடுத்து, முதல் மணலை மீன் கரைக்கு வந்த அன்று மச்சாள் எங்கள் வீட்டுக்கு வந்து அந்த மூடுதுணியைக் கேட்டார்.

"என்னத்துக்கு?"

"ஆணச் சட்டிய மூட. ஒரு பெட்டியவே கருக்கின துணி. ஆணம் பின்னேரம் வரைக்கும் ஆறாது."

கொடுத்தேன். அந்தத் துணி போட்டு மூடிய பிறகு அவருடைய புளியாணம் முந்தியதைவிட ருசியாகத்தான் இருந்தது. அதை நான் எங்கேயும் சொல்லுவேன். துணி என்னுடையதல்லவா.