ஒரு புள்ளியில் போன அட்வான்ஸ்

பழைய கார் கடையில் அட்வான்ஸ் கொடுக்க வந்தால் நாற்காலியும் காபியும் கிடைக்கும். அதையே திருப்பிக் கேட்டு வந்தால் நாற்காலி மட்டும்தான், அதுவும் காலியாக இருந்தால். உங்களில் பாதிப் பேர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து வெந்திருப்பீர்கள். மீதிப் பேர் என்னைப் போல எதிர்ப்பக்கம் உட்கார்ந்து, சம்பளத்துக்காக முதலாளி சொல்லிக்கொடுத்த பொய்யை ஒப்பித்துக்கொண்டிருப்பீர்கள். இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் செல்வி. அப்பா வள்ளியூரிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குப் பலசரக்குக் கடை வேலைக்கு வந்தவர். நான் பிறந்தது, படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் திருவனந்தபுரத்தில். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், சண்டை என்று வந்தால் இரண்டும். பைபாஸ் ஓரத்தில் இருக்கும் இந்தக் கடையில் ஒன்பது வருஷமாக வேலை. தமிழ் ஆட்கள் வந்தால் பேசுவதற்கும், அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பவர்களைச் சமாளிப்பதற்கும் என்னை வைத்திருக்கிறார்கள்.

கடைச் சட்டம் ரொம்ப எளிது. மூன்று நாளுக்குள் வண்டி வேண்டாம் என்று சொன்னால் முழுப்பணமும் திரும்பும். நாலாம் நாள் சொன்னால் ஒரு பைசா கிடையாது. இந்தச் சட்டத்தில் ஒரு நல்ல மனுஷனுடைய இருபத்தையாயிரம் ரூபாய் மாட்டிக்கொண்டது. மாட்டிவிட்டவள் நான். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேரே அங்கே போக வாய் வரவில்லை, கொஞ்சம் சுற்றித்தான் போவேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோழிக்கோட்டுச் செருப்பு

மூன்று நாளுக்குள் சொல்லிவிட்டால் பணம் மறுநாளே வந்துவிடும் என்று நினைக்காதீர்கள். செக்கில் முதலாளி கையெழுத்துப் போட வேண்டும். யாராவது அட்வான்ஸ் கேட்டு வந்தால் முதலாளி கோழிக்கோட்டில் இருப்பார். அதாவது, என் மேசைக்குப் பின்னால் இருக்கும் கண்ணாடி அறையில் ஏசியைப் போட்டுக்கொண்டு, திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்திருப்பார். அந்த அறைக்குள் யாரும் செருப்புப் போட்டுக்கொண்டு போகக் கூடாது. அவரும்தான்.

ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் ஒருவர் நாலு தடவை வந்தார். நாலு தடவையும் "கோழிக்கோடு" என்றேன். நாலு தடவையும் தலையை ஆட்டிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போனார். ஐந்தாம் தடவையும் நான் கூசாமல் அதையே சொன்னேன். மனிதர் கோபப்படவில்லை. அறை வாசலில் கிடந்த தோல் செருப்பைக் குனிந்து பார்த்தார், கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார், பிறகு வகுப்பில் கேட்பதுபோல என்னைக் கேட்டார்:

"முதலாளி கோழிக்கோட்டாணெங்கில், இது ஆருடெ செருப்பா மோளே?"

சோபாவில் மாமி

கோட்டைப் பக்கத்து அக்ரஹாரத்திலிருந்து ஒரு மாமா, மாமி. மாமா வெள்ளைக் காருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் மாமி வந்து, வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது, வேண்டாம் என்றாள். நான் கோழிக்கோட்டை ஆரம்பித்தேன். "போயிட்டு வரட்டும்டி, எனக்கென்ன அவசரம்" என்று மாமி ஷோரூம் நடுவில் இருக்கும் சோபாவில் சப்பணமிட்டு உட்கார்ந்துவிட்டாள். பையில் பிளாஸ்க், முறுக்கு, சுலோகப் புத்தகம், எல்லாம் தயாராக இருந்தது.

வண்டி பார்க்க உள்ளே வருகிற ஒவ்வொருத்தரிடமும் மாமி தானாகவே பேச்சுக் கொடுத்தாள். "நீங்க கார் வாங்க வந்தேளா? நாங்க குடுத்த அட்வான்ஸைத் திருப்பி வாங்க வந்திருக்கோம்." மூன்று பேர் வந்த வழியே திரும்பிப் போனார்கள். அரை மணி நேரத்தில் முதலாளி கோழிக்கோட்டிலிருந்து வந்து சேர்ந்து, செக்கைக் கையில் கொடுத்து, வாசல் வரை கொண்டுவிட்டார். எனக்கு உள்ளுக்குள் ஒரே சிரிப்பு. ஆனாலும் ஒப்புக்கு, "இப்படி வாக்கு மாறலாமா மாமி?" என்றேன். மாமி நின்று திரும்பினாள்.

"ஏண்டியம்மா, பொண்ணு பாத்துட்டு வேண்டாம்னு சொல்றதில்லையா? குடுத்த பஜ்ஜிக்கு யாராவது பில் போடறாளா?"

தம்பானூரிலிருந்து ஒரு போன்

இனிமேல் சுற்ற முடியாது, சொல்லிவிடுகிறேன். சுப்பையா அண்ணாச்சி தம்பானூரில் ஒரு ஹோட்டலில் புரோட்டா மாஸ்டர். ஊர் சங்கரன்கோவில் பக்கம். இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் கல்லில் புரோட்டா போட்டு அலுத்துப்போய், ஒரு பழைய வேன் வாங்கி, அடிவாரத்துக் கல்லாற்றில் நிறுத்தி, பொன்முடி மலை ஏறுகிற கூட்டத்துக்குச் சாப்பாடு விற்கலாம் என்று கிளம்பியிருந்தார். ஒரு வெள்ளிக்கிழமை இருபத்தையாயிரம் அட்வான்ஸ் கட்டினார். ரசீது மலையாளத்தில் இருந்தது. மூன்று நாள் சட்டத்தை நான்தான் தமிழில் சொன்னேன். "நம்மூருப் பிள்ளையா நீங்க! அப்பம் கவலையில்ல" என்று முகமெல்லாம் சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், மூன்றாம் நாள், அவரிடமிருந்து போன். பஸ் ஸ்டாண்டில் நின்று பேசுகிறார் போல, ஒரே ஹாரன். "தங்கச்சி, அந்த வேன எடுக்காம..." என்றது காதில் விழுந்தது. அதற்கப்புறம் ஒரு பஸ் முழுசாகக் கடந்து போனது. கடைசியில் "செரிதான?" என்றார். நானும் "செரி, செரி" என்று வைத்துவிட்டேன். மலையாளத்தில் 'எடுக்காம்' என்றால் 'எடுத்துக்கொள்கிறேன்' என்று அர்த்தம். எங்கள் கடையில் ஒரு நாளைக்குப் பத்துப் பேராவது சொல்லும் சொல். பதிவேட்டில் அவர் பெயருக்கு நேரே மலையாளத்தில் 'எடுக்காம்' என்று எழுதி, அடியில் கோடும் போட்டேன். அதே வேனைக் கேட்டு ஒருத்தர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். விற்பனையைப் பார்க்கிற ஷாஜி அவரைத் திருப்பி அனுப்பிவிட்டு வந்து, வியாபாரம் உறுதியாகிவிட்ட சந்தோஷத்தில் சொன்னான்:

"அண்ணாச்சி உறப்பிச்சல்லோ சேச்சி, இனி ஆ வண்டி வேறெ ஆர்க்கும் கொடுக்கண்ட."

என் கையெழுத்து

செவ்வாய்க்கிழமை அண்ணாச்சிக்கு லீவு. குளித்து, திருநீறு பூசி, ரசீதை மடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்தார். வேனை எடுக்க வந்திருக்கிறார் என்று நினைத்து நான் சாவியைத் தேடினேன். "சாவி எதுக்கு தங்கச்சி? பணத்த வாங்கிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். கல்லாற்றில் பாலத்துப் பக்கம் ஒரு கடையே காலியாகிறதாம். நாற்பதாயிரம் அட்வான்ஸ் கேட்கிறார்களாம். கையில் பதினைந்து இருக்கிறது, இந்த இருபத்தைந்தும் சேர்த்து வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்தால் கடை அவருக்கு. "அதாம் ஞாயித்துக்கெழமையே சொன்னம்லா, வேன எடுக்காம விட்டுருதேம்னு. நீங்களும் செரின்னு சொன்னிய."

அவர் சொன்னது நம் தமிழ் 'எடுக்காம'. நான் கேட்டது மலையாள 'எடுக்காம்'. எழுதிப் பார்த்தால் ஒரே ஒரு புள்ளிதான் வித்தியாசம். முதலாளி வெளியே வந்து பதிவேட்டைப் புரட்டினார். என் கையெழுத்து, அடியில் கோட்டோடு பல்லைக் காட்டியது. "செல்வி, இயாள் வேண்டா என்னு பறஞ்ஞோ?" என்று என்னைக் கேட்டார். ஆமாம், வேண்டாம் என்றுதான் சொன்னார், நான்தான் தப்பாகக் கேட்டேன் என்று சொல்ல வேண்டியதுதானே? போன மாதம்தான் ஒரு காரில் விலைச் சீட்டை நான் மாற்றி ஒட்டியதற்குச் சம்பளத்தில் ஐயாயிரம் பிடித்திருந்தார்கள். இன்னொரு தப்பு வந்தால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றும் முதலாளி சொல்லியிருந்தார். வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். "போனில் செரிக்கு கேட்டில்ல சார்" என்றேன். சரியாகக் கேட்கவில்லையாம்! எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். முதலாளி பதிவேட்டை மூடிவிட்டு, எழுத்தில் இருப்பதுதான் கணக்கு என்று உள்ளே போய்விட்டார். அண்ணாச்சி என்மேல் ஒரு சந்தேகமும் படவில்லை.

"இப்பம் ஞாபகம் வரலன்னா பரவால்ல தங்கச்சி. ராத்திரி படுக்கையில யோசிச்சுப் பாருங்க, வந்துரும்."

வாழையிலைப் பொட்டலம்

வியாழக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு, ஹோட்டலில் கூட்டம் ஓய்ந்த நேரம் பார்த்து, பனியனுக்கு மேல் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். கையில் ஒரு பொட்டலம். நாலு புரோட்டாவும் சால்னாவும். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன். கேட்கவில்லை, மேசைமேல் வைத்துவிட்டார். "ஞாபகம் வந்துச்சா?" என்று கேட்டார். "பேசிக்கிட்டிருக்கேன் அண்ணாச்சி" என்றேன். யாரிடம் பேசினேன்? ஒருத்தரிடமும் இல்லை. முதலாளி அறைக் கதவு வரைக்கும் இரண்டு தடவை போய், செருப்பைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு திரும்பி வந்ததுதான் நான் செய்த காரியம்.

அண்ணாச்சிக்கு மாமியின் சாமர்த்தியமெல்லாம் கிடையாது. சோபாவில் உட்காரச் சொன்னாலும் உட்கார மாட்டார். சட்டையில் மாவு இருக்கும், துணி அழுக்காகிவிடும் என்று வெளியே கார்களுக்கு நடுவில் நிழல் பார்த்து நின்றுகொள்வார். அவர் போன பிறகு அந்தப் புரோட்டாவைச் சாப்பிட்டேன். வெட்கக்கேடு, ருசியாகவும் இருந்தது. சனிக்கிழமையும் வந்தார், சனிக்கிழமையும் "பேசிக்கிட்டிருக்கேன்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை போனது. செவ்வாய்க்கிழமை வந்தவர் இந்தத் தடவை எதுவுமே கேட்கவில்லை. கல்லாற்றுக் கடையை நெடுமங்காட்டுக்காரர் ஒருவர் எடுத்துக்கொண்டார் என்றார். பிறகு என் முகம் போன போக்கைப் பார்த்து, எனக்கே சமாதானம் சொன்னார்:

"இனிமே அவசரமில்ல தங்கச்சி. மெதுவாத் தந்தாப் போதும்."

முதலாளியின் கேள்வி

அன்றைக்கு அவர் கேட்டைத் தாண்டுவதற்குள் முதலாளி அறைக்குள் போய்விட்டேன். செருப்போடு போய்விட்டேன், அதைக்கூடக் கவனிக்கவில்லை. எல்லாவற்றையும் கொட்டினேன். மூன்றாம் நாளே சொல்லிவிட்டார், தப்பு என் காதில், பொய் என் வாயில், பணத்தைக் கொடுத்துவிடுங்கள், என் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளுங்கள், வேலையை விட்டுப் போகச் சொன்னாலும் போகிறேன் என்று மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அழுகையும் வந்துவிட்டது.

முதலாளி வேலையை விட்டு அனுப்பவில்லை. பாதியை நான் தர வேண்டும், மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு வீதம் ஐந்து மாதம் என்று சொல்லிவிட்டுச் செக்கில் கையெழுத்துப் போட்டார். ஒரு நிமிஷ வேலை! அந்த ஒரு நிமிஷத்துக்காக நான் ஒரு வாரம் பயந்து செத்திருக்கிறேன், அதற்குள் ஒரு மனுஷன் கடையை இழந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வந்து சொல்லியிருந்தால் அன்றைக்கும் இதே பேனாதான். செக்கை என் பக்கம் தள்ளிவிட்டு முதலாளி கேட்டார், அவருக்கு நிஜமாகவே புரியவில்லை:

"நீ தமிழத்தி அல்லே செல்வி? தமிழ் கேட்டால் நினக்கு மனசிலாவில்லே?"

ஒங்ககிட்டங்கறதாலதான்

செக்கைத் தபாலில் அனுப்பிவிடலாம் என்று ஷாஜி சொன்னான். நான் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தம்பானூருக்கு நானே கொண்டுபோனேன். ஹோட்டல் பின்வாசலில், பாத்திரம் கழுவுகிற இடத்தில் நின்று பேசினோம். அண்ணாச்சி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, செக்கை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "எப்படியோ பேசி வாங்கிட்டியளே!" என்று சந்தோஷப்பட்டார். அதைத் தாங்க முடியவில்லை. நான் பேசியும் வாங்கவில்லை ஒன்றும் வாங்கவில்லை அண்ணாச்சி, நீங்கள் தமிழில் சொன்னதை நான் மலையாளமாகக் கேட்டேன், உங்கள் முன்னாலேயே மறைத்தேன், உங்கள் கடை போனது என்னால்தான் என்று சொல்லிவிட்டேன்.

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நிம்மதியாகத் திரும்பியிருப்பேன். திறந்து கிடந்த குழாயை மூடினார். உள்ளேயிருந்து யாரோ "மாஸ்டரே!" என்று கூப்பிட்டார்கள். போவதற்கு முன்னால், கோபமே இல்லாமல், நடந்ததைத் தனக்கே விளங்கவைத்துக்கொள்கிற மாதிரி சொன்னார்:

"ஷாஜிட்ட பேசியிருந்தா 'வேண்டா'ன்னு மலையாளத்துல ஒத்த வார்த்தையில முடிச்சிருப்பேன் தங்கச்சி. ஒங்ககிட்டங்கறதாலதான் நம்ம தமிழ்ல சொன்னேன்."

இன்றைக்கும் கடைக்குத் தமிழ் ஆள் யார் வந்தாலும் முதலாளி என்னைக் கைகாட்டி "செல்விக்கு தமிழ் நன்னாயிட்டு அறியாம்" என்று பெருமையாகச் சொல்கிறார். மலையாளத்தில் 'அறியாம்' என்றால் 'தெரியும்' என்று அர்த்தம், நான் அந்தச் சொல்லை மட்டும் புள்ளி இல்லாமல் தமிழிலேயே கேட்டுக்கொள்கிறேன்.