சீட்டுக்குப் போட்ட பிளாஸ்டிக் பை

என் மோட்டார் சைக்கிளின் பெட்ரோல் டாங்கிக்குள் மழைத்தண்ணீர் புகுந்துவிட்டது.

இதில் எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கேமரன் மலையில் எதற்குள்தான் தண்ணீர் புகவில்லை? பூட்ஸுக்குள் புகும், அரிசி டின்னுக்குள் புகும். தேயிலைத் தோட்டத்துக் கிராணியான நான் இருபது வருடமாக ஈரக் காகிதத்தில்தான் வேலைக்கு வந்த ஆள் பேர் எழுதுகிறேன். மூன்று வாரமாகப் பத்திரிகையில் இந்தப் பத்தி வராததற்கு டாங்கித் தண்ணீரைக் காரணம் சொன்னால் ஆசிரியரே சிரிப்பார். ஆனால் காரணம் அதுதான்.

என்னுடையது பழைய கப்சாய். சீட்டைத் தூக்கினால் கீழே பெட்ரோல் மூடி தெரியுமே, அந்தச் சின்ன மோட்டார். சீட்டு கிழிந்து இரண்டு வருடம் ஆகிறது. மாற்றினேனா? எங்கள் தோட்டத்தில் யார் மாற்றுகிறார்கள்? கடையில் கொடுக்கும் பெரிய பிளாஸ்டிக் பையைச் சீட்டின் மேல் கவிழ்த்து, ஓரத்தில் ரப்பர் கயிறு கட்டினால் வேலை முடிந்தது. எங்கள் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நிற்கும் மோட்டார்களில் பாதிக்கு இப்படித் தொப்பி உண்டு. உட்காரும் இடம் நனையாமல் இருக்கத்தான் அந்தப் பை என்று எல்லோரையும் போல நானும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் தங்கை பார்வதிக்கு அந்தப் பையைக் கண்டாலே ஆகாது. கிராணி மோட்டாரா இது என்பாள். கம்போங் ராஜாவில் வாழ்க்கைப்பட்டவள். கணவர் மணியம் அங்கே பூத்தோட்டம் வைத்திருக்கிறார். எங்கள் தோட்டத்திலிருந்து மோட்டாரில் ஒரு மணி நேரம். முன்பெல்லாம் ஞாயிறு தவறாமல் போவேன். அப்புறம் எப்படியோ குறைந்துபோனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் வரும்.

"எப்ப வர்றண்ணே?"

"மழ விடட்டும்மா."

கேமரனில் இப்படிச் சொன்னால் வரப்போவதில்லை என்று அர்த்தம். அவளுக்கா தெரியாது? அவளும் இதே மழையில் பிறந்தவள்தானே. தீபாவளிக்கு அவளுக்கென்று அரக்கு நிறத்தில் ஒரு சேலை வாங்கினேன். அதையும் மழை விட்டதும் கொண்டுபோகலாம் என்று அலமாரியில் வைத்தேன்… தீபாவளி போய், கார்த்திகை தீபமும் போய்விட்டது.

அப்புறம் ஒரு நாள் காலை ஆறரைக்கு மணியம் போன் பண்ணினார். இரவு நன்றாகத்தான் படுத்தாளாம். காலையில் எழுந்திருக்கவில்லை.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கட்டிக்கொடுத்த பெண் இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி விழ வேண்டும். அண்ணனோ தம்பியோ புதுச்சேலையைக் கொண்டுவந்து போடாமல் உடம்பைத் தூக்கமாட்டார்கள். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. பார்வதிக்குப் பிறந்த வீடு என்று மிச்சமிருந்தது நான் ஒருவன்தான். என் மனைவியும் மகளின் பிரசவத்துக்காகக் கோலாலம்பூர் போயிருந்தாள்.

மலைக்குக் கீழே ஈப்போவில்தான் மின்சுடலை. மலைப்பாதையில் மண் சரியலாம் என்று சவ வண்டிக்காரர் பயப்படுவதால், பன்னிரண்டு மணிக்கே வீட்டைவிட்டுப் புறப்பட வேண்டும் என்று மணியம் சொல்லியிருந்தார். நேரம் நிறைய இருந்தது. அலமாரியைத் திறந்து அந்த அரக்குச் சேலையை எடுத்தேன். கோடிச் சேலை நனையலாமா? வீட்டில் பெரிய பை எதுவும் அகப்படவில்லை. மோட்டார் சீட்டிலிருந்த பையைக் கழற்றி, துடைத்து, சேலையை அதற்குள் சுருட்டி, அதே ரப்பர் கயிற்றால் இறுக்கிக் கட்டினேன். நல்ல யோசனை என்று அப்போது தோன்றியது.

பிறகு ஆபீசுக்கு நடந்தேன். சாவியை ஒப்படைத்துத் துரையிடம் லீவு சொல்ல வேண்டும். துரை தேயிலைக் காட்டுக்குப் போயிருந்தார். காத்திருந்தேன். சொல்லாமல் கிளம்பியிருந்தால் யார் என்ன கேட்டிருப்பார்கள்? ஆனாலும் பழக்கம் விடவில்லை. அந்த இரண்டு மணி நேரமும் என் மோட்டார் லயத்து வாசலில், கிழிந்த சீட்டோடு மழையில் நின்றது.

ஒன்பதரைக்குப் புறப்பட்டேன். பிரிஞ்சாங் வரை ஒரு குறையும் இல்லை. திரிங்காப் தாண்டி ஏற்றத்தில் எஞ்சின் இருமியது. இரண்டு முறை துள்ளிவிட்டு நின்றது. உதைத்தேன். கிளம்பியது, இருபது அடி ஓடி மறுபடி நின்றது. பிளக் நனைந்திருக்கும் என்று நினைத்துக் கழற்றித் துடைத்தேன். உதைத்தேன், துடைத்தேன், உதைத்தேன்.

கோஸ் ஏற்றிய லோரி ஒன்று பக்கத்தில் நின்றது. கம்போங் ராஜா வழியாகக் கீழே இறங்குகிற லோரி. ஓட்டியவர் நம்மவர்.

"ஏறுங்கண்ணே. மோட்டார பொறவு வந்து எடுத்துக்கலாம்."

ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை. பழைய மோட்டார்தான் என்றாலும் ரோட்டோரத்தில் விட்டுப்போக மனசு வரவில்லை. இதோ கிளம்பிவிடும் என்று அவரை அனுப்பிவைத்தேன். அந்த லோரியின் பின்விளக்கு வளைவில் மறைந்தது இன்னும் என் கண்ணுக்குள்ளேயே இருக்கிறது.

பதினொன்றரைக்கு மணியம் போன் பண்ணினார். எங்கே இருக்கிறேன் என்று கேட்டார். கோல தெர்லா தாண்டிவிட்டேன், கால் மணி நேரத்தில் வந்துவிடுவேன் என்றேன். ஏன் அப்படிப் பொய் சொன்னேன்? அப்போது நான் ஒரு வளைவில் மோட்டாரைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் ரோட்டோரத் தக்காளித் தோட்டக்காரர் ஒருவர் பிளாஸ்டிக் கூடாரத்திலிருந்து இறங்கி வந்தார். நேராகச் சீட்டைத் தூக்கினார். கிழிசல் வழியாகக் கையைவிட்டு ஸ்பாஞ்சை அமுக்கினார். தண்ணீர் நேரே பெட்ரோல் மூடி மேல் கொட்டியது. மூடி ரப்பர் காய்ந்து வெடித்திருந்தது. நான் ஒவ்வொரு பள்ளத்திலும் சீட்டில் குதித்துக் குதித்து உட்கார்ந்தேனே… அப்போதெல்லாம் பிழிந்து பிழிந்து டாங்கிக்குள் நானே ஊற்றிக்கொண்டு வந்திருக்கிறேன்.

டியூப்பைப் பிடுங்கி, மினரல் வாட்டர் போத்தலில் கொஞ்சம் பிடித்துக் காட்டினார். மேலே பெட்ரோல், அடியில் கோடு போட்ட மாதிரி தண்ணீர்.

"சீட்டுல ஒரு பிளாஸ்டிக் பையாவது கட்டியிருக்கலாம்லா" என்றார்.

பை என் மடியில்தான் இருந்தது, மழைக்கோட்டுக்குள்.

டாங்கியைக் காலி செய்து, பூச்சிமருந்து பம்புக்கு வைத்திருந்த பெட்ரோலை ஊற்றி அனுப்பினார் அந்தப் புண்ணியவான். அவர் பேரைக்கூடக் கேட்கவில்லை.

நான் போய்ச் சேர்ந்தபோது ஒன்றே கால். வாசலில் வண்டி இல்லை. பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மழைத்தண்ணீரோடு சேர்ந்து அந்தத் தண்ணீரும் படியிறங்கி ஓடியது. என்னைப் பார்த்ததும் துடைப்பங்கள் நின்றன.

பார்வதி மகள் கவிதாதான் எழுந்து வந்தாள். வேலைக்குப் போகிற பெண், நிதானமானவள். பன்னிரண்டே முக்கால் வரைக்கும் காத்திருந்தார்களாம். அதற்கு மேல் ரோட்டை மூடிவிடுவார்கள் என்று வண்டிக்காரர் நெருக்கியிருக்கிறார். எங்கள் லயத்தில் பிறந்து அங்கே பூ வியாபாரம் செய்யும் ராமையா, தானும் அவளுக்கு அண்ணன் முறைதான் என்று டவுனுக்கு ஓடிப்போய் ஒரு நீலச் சேலை வாங்கிவந்து போட்டிருக்கிறார். என் இடத்தில் நின்று அவர்தான் வாய்க்கரிசியும் போட்டிருக்கிறார்.

"மாமா, அம்மா மொகத்த கடைசி வரைக்கும் மூடல" என்றாள் கவிதா. "கால் மணி நேரத்துல வந்துடுவேன்னு சொன்னீங்களாமே."

பையைப் பிரித்தேன். எதற்குப் பிரித்தேன் என்று தெரியவில்லை. அரக்குச் சேலை மடிப்புக் கலையாமல் இருந்தது. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

பின்னாலேயே ஈப்போவுக்குப் போக நினைத்தேன். அதற்குள் கீழே ரோட்டை மூடிவிட்டார்கள் என்று செய்தி வந்தது. சாயங்காலம் வேறு வழியாகச் சுற்றி மணியம் திரும்பி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"மழதானே மச்சான். நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார்.

இத்தனை ஞாயிற்றுக்கிழமையும் நான் அவளுக்குச் சொன்ன அதே சாக்கு. அதை என் கையில் கொடுத்துவிட்டு அவர் குளிக்கப் போய்விட்டார்.

வாசகர்களே, உங்கள் மோட்டார் சீட்டைத் தூக்கிப் பார்த்து எத்தனை நாளாகிறது? ஒரு தரம் பாருங்கள். மூடி ரப்பரை விரலால் அமுக்கிப் பாருங்கள், காய்ந்திருந்தால் உடனே மாற்றுங்கள். பெரிய வேலையே இல்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் கடைக்குப் போனேன்; சீட்டு, ரப்பர், இரண்டையும் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். இரண்டு வருடமாக நான் தள்ளிப்போட்ட வேலை அவ்வளவுதான்.

இப்போது என் மோட்டார் எந்த மழையிலும் நிற்பதில்லை. எப்ப வர்றண்ணே என்று கேட்கத்தான் ஆள் இல்லை.