டம்ளரில் சுற்றிய காகிதத் தொட்டி

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய பிறகு, என் கணவர் வலது கையை மடியில் போட்டுக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். விரல்களுக்கு வேலை கொடுக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். ரப்பர் பந்தைக் கொடுத்தால் தூக்கி எறிந்துவிடுவார்.

அடி அண்ணாமலை கிராமத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம் உண்டு. கத்தரி விதை போடுவதற்காக ஒருநாள் பழைய செய்தித்தாளைக் கிழித்து, டம்ளரில் சுற்றி, அடியை மடித்து உருவி, சின்னத் தொட்டிகள் செய்துகொண்டிருந்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நீங்களும் ஒண்ணு சுத்துங்களேன்" என்றேன்.

"இந்தக் கை இனிமே எதுக்கும் ஆவாது, விடு."

ஆனாலும் கொஞ்ச நேரத்தில் டம்ளரைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். காகிதம் நழுவியது, கிழிந்தது. நான் உதவப் போகவில்லை. போனால் நிறுத்திவிடுவாரோ என்று பயம். ஒருவழியாகக் கோணலாக ஒரு தொட்டி நின்றது. அதில் போட நான் மண்ணை அள்ளினேன்.

"ஜாஸ்தி போடாத, பிச்சுக்கும்!" என்று பதறினார்.

வீட்டுக்கு வந்தபின் அவர் எதற்காகவாவது பதறியது அதுதான் முதல் தடவை.

சட்டைப் பொத்தானை இன்றும் நான்தான் போட்டுவிடுகிறேன். ஆனால் கத்தரி நாற்றுகளைக் காகிதத்தோடு சேர்த்து அவரே நட்டார். இடது கையால் குழி பறித்தார். மண்ணை அணைத்து அழுத்தியது வலது கை.