கதவு திறந்தால் இறங்கும் கண்ணாடி

எங்கள் காருக்குப் பதினேழு வயது. அதன் இடது பக்க முன்கதவின் கண்ணாடி ஒரு நாள் இறங்க மறுத்துவிட்டது. அந்தப் பக்கம் உட்காருகிறவள் என் மனைவி. கண்ணாடியை மூடி ஏசி போட்டால் அவளுக்கு வாந்தி வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலில் அவளுடைய அக்கா வீட்டுப் புதுமனை புகுவிழா. கண்ணாடி இறங்காவிட்டால் பஸ்ஸில் போய்க்கொள்வதாகச் சொல்லிவிட்டாள். காரை வைத்துக்கொண்டு பெண்டாட்டியைப் பஸ்ஸில் அனுப்பியவன் என்று என் சகலை பத்து வருடத்துக்குச் சொல்லிக் காட்டுவார். எனக்கு அதுதான் பயம்.

கோளாறு என்னவென்று யோசிக்கும் சிரமம்கூட எனக்கு இருக்கவில்லை. பம்பு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் சுற்றும் பிரிவில் முப்பது வருடம் இருந்தவன் நான். கோயமுத்தூரில் எது நின்றாலும் மோட்டார்தான். கிரைண்டர் நின்றால் மோட்டார், போர்வெல்லில் தண்ணீர் ஏறாவிட்டால் மோட்டார். மழை பெய்யாவிட்டால்கூட மேலே ஒருவர் ஏறி மோட்டாரைக் கழற்றிப் பார்க்கலாம் என்று நினைக்கிற ஊர் இது.

மனைவி மட்டும் ஒன்று சொன்னாள். "ஏனுங்க, கதவத் தொறந்து வெச்சா கண்ணாடி எறங்குதுங்க. சாத்துனா நின்னு போகுதுங்க."

"லோடு தாங்கலை, அவ்வளவுதான்" என்றேன். கதவைச் சாத்துவதற்கும் மோட்டாரின் லோடுக்கும் என்ன சம்பந்தம் என்று அவள் கேட்கவில்லை. "சரிங்க" என்று உள்ளே போய்விட்டாள்.

துடியலூரில் எங்கள் மெக்கானிக்கிடம் போனேன். கதவைத் திறந்து பொத்தானை அமுக்கினார், கண்ணாடி இறங்கியது. சாத்தி அமுக்கினார், அசையவில்லை. கதவுக்கும் காரின் உடம்புக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயில் விரலை வைத்து, "ஏனுங்ணா, இதுக்குள்ள போற ஒயர ஒருக்கா..." என்று இழுத்தார்.

"மோட்டார்ங்க. முப்பது வருசம் அதுலயே கெடந்தவன் சொல்றேன். கழட்டுங்க."

அவர் விரலை எடுத்துக்கொண்டார். "நீங்க சொன்னா சரியாத்தானுங்க இருக்கும்."

கண்ணாடியை ஏற்றி இறக்கும் அந்தச் சின்ன மோட்டாருக்கு யாரும் காயில் சுற்ற மாட்டார்கள். போனால் வேறு வாங்கிப் போடுவதுதான் உலக வழக்கம். நான் எடுத்துக்கொண்டு போய், என் பழைய பிரிவில் இருந்த ஒருவரை வைத்து, கூடவே உட்கார்ந்து புதிதாகச் சுற்றினேன். பழைய காயில் கருகாமல் பளபளவென்றுதான் இருந்தது. அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அதை அறுத்துப் போட்டுவிட்டுப் புதுக் கம்பியை எடுத்தார். எங்கள் பக்கத்து மரியாதை அப்படிப்பட்டது. மூத்தவன் தப்பாகச் சொன்னால், கூட நின்று அந்தத் தப்பை நேர்த்தியாகச் செய்து கொடுப்பார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் மோட்டாரைப் பொருத்தி, கதவைத் திறந்து வைத்தபடி பத்துத் தடவை ஏற்றி இறக்கிக் காட்டினேன். பட்டறையில் இருந்த எல்லோரும் தலையாட்டினார்கள்.

ஞாயிறு காலை மனைவி பட்டுச்சேலையோடு ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். பொத்தானை அமுக்கினாள். கண்ணாடி அப்படியே நின்றது. அவள் என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். சீர்த் தட்டுப் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "நீங்க மெதுவா வாங்க. நான் சிங்காநல்லூர் போயி கரூர் பஸ் ஏறிக்கறனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நான் நேரே மெக்கானிக் வீட்டுக்குப் போனேன். அவர் ரப்பர் குழாயை இழுத்துக் காட்டினார். உள்ளே ஒரு ஒயர் அறுந்து கிடந்தது. கதவு திறந்திருந்தால் இரு முனையும் தொட்டுக்கொள்ளும், சாத்தினால் விலகும். பத்தே நிமிடத்தில் ஒட்டிவிட்டார்.

"அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியுமுங்க. மோட்டார்லயே இருந்தவிங்க சொல்றப்ப நாம எப்படிங்ணா குறுக்க பேசறது?"

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. காங்கயம் வரைக்கும் அவர்மேலேயே கோபப்பட்டுக்கொண்டு போனேன். அதற்கப்புறம் கம்பெனியில் எனக்குக் கீழே இருந்தவர்கள் முப்பது வருடம் சொன்ன "சரிங்க" எல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

வெள்ளகோவிலில் சகலை வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "ஏனுங்க, அம்மணிய பஸ்ல ஏத்திப்போட்டு நீங்க கார்ல வாரீங்களா?" தலையில் வைத்த பூ வாடாமல் உள்ளேயிருந்து வந்த மனைவி முந்திக்கொண்டாள். "அவிங்களுக்கு ஒரு அவசர வேலைங்க, மாமா." என் மானத்தைக் காப்பாற்றிவிட்டு அவள் பாட்டுக்குப் பந்தியைக் கவனிக்கப் போனாள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

திரும்பும்போது கதவைச் சாத்தினாள், பொத்தானை அமுக்கினாள், கண்ணாடி இறங்கியது. முகத்தைக் காற்றில் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பல்லடம் தாண்டித்தான் எனக்கு வாய் வந்தது. "நீ அன்னைக்குச் சொன்னதுதான் சரி" என்றேன், மெதுவாக.

"காத்துல கேக்கலீங்க. கண்ணாடிய ஏத்தட்டுங்களா?"

"வேண்டாம்" என்றேன். பக்கத்தில் பைக்கில் வந்தவர் திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு தடவை கத்திச் சொன்னேன்.