வாடகை அத்தை

புன்ரேவுக்கு நான் மூன்று மணி நேரக் கணவன். நிஜத்தில் தென்கொரியாவின் சியோல் நகரத்தில் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். கல்யாணங்களுக்கு வாடகை உறவினர்களை அனுப்பும் கம்பெனியில் இருவரும் வேலை பார்த்தோம். அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வேஷம், மாப்பிள்ளைக்கு அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் அத்தை, மாமா.

மெட்ரோவில் போகும்போது, மாப்பிள்ளை வீட்டு விவரம் அடித்த தாளை நான் மனப்பாடம் செய்துகொண்டிருந்தேன். அவள் அதைத் தொடவே இல்லை.

"படிக்கலையா?"

"எதுக்கு? மாப்பிள்ளையோட அப்பன் பியங்தே என் கூடப் பொறந்தவன்."

அப்போதுதான் முழுக்கதையும் சொன்னாள். பதினாறு வயதில் கூரோ தொழிற்பேட்டைக்கு வந்திருக்கிறாள். அந்தக் காலத்தில் வீட்டுக்கு வீடு அப்படித்தான். தம்பி கல்லூரிக்குப் போக வேண்டுமென்றால் அக்கா ஆலைக்குப் போக வேண்டும். தூங்காமலிருக்க மாத்திரை கொடுத்து வேலை வாங்குவார்கள். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் பிரஸ் மிஷின் அவள் வலது கையில் இரண்டு விரலை எடுத்துக்கொண்டது. தம்பி பட்டம் வாங்கிப் பெரிய நிறுவனத்தில் இயக்குநர் ஆனான். தன் கல்யாணத்துக்கு அவளைக் கூப்பிடவில்லை. கை பார்க்க நன்றாக இல்லையாம். முப்பது வருஷத்தில் நாடு எங்கேயோ போய்விட்டது என்று டிவியில் பெருமை பேசுவார்கள். கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இப்போது சம்பந்தி வீட்டில், "உங்க பக்கத்துல பெரியவங்க யாருமே இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்கள். அக்கா அமெரிக்காவில் டாக்டர் வீட்டு மருமகள் என்று அளந்துவிட்டு, அதற்கு ஆள் கேட்டிருக்கிறான் பாவி. விஷயம் தெரியாமல் கம்பெனி இவளையே அனுப்பிவிட்டது.

"என்ன பண்ணப் போற?"

"நாலு பேர் முன்னாடி அவன் வாயால அக்கான்னு சொல்ல வைக்கப் போறேன். அது வரைக்கும் நான் நகர மாட்டேன்."

மண்டப வாசலில் அவளைப் பார்த்ததும் பியங்தேவின் முகம் வெளிறியது.

"நீ எங்க இங்க? தயவுசெஞ்சு போயிடு."

"கம்பெனி அனுப்பிச்சுது சார்," என்றாள் பவ்யமாக.

அதற்குள் சம்பந்தியம்மா ஓடி வந்து, "மாப்பிள்ளையோட அத்தைதானே? வாங்க வாங்க!" என்று அவள் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். வெள்ளைக் கையுறைக்குள் இரண்டு விரல் வெறும் பஞ்சு என்பது அவளுக்குத் தெரியவில்லை.

கல்யாணம் முடிந்து, மணமக்கள் பெரியவர்களை வணங்கும் அறைக்குப் போனோம். இரண்டு வீட்டாரும் நெருக்கியடித்து நின்றார்கள். எங்கள் முறை வந்தது. பிள்ளைகள் விழுந்து வணங்கிவிட்டு, பெரியவர்கள் வாழ்த்தி வீசும் பழத்தை ஏந்த வெள்ளைத் துணியை விரித்துப் பிடித்தார்கள். புன்ரே நிதானமாகக் கையுறையைக் கழற்றினாள். இலந்தைப் பழத்தை அள்ளினாள். பாதி கீழே கொட்டியது.

"ஐயையோ, கையில என்னங்க ஆச்சு?" என்று பதறினாள் சம்பந்தியம்மா.

"உங்க சம்பந்தியக் கேளுங்க. அவர் படிச்ச படிப்புதான் இது."

அவள் போட்ட முடிச்சு அப்போதுதான் எனக்கு விளங்கியது. இவள் அக்கா இல்லை என்றால், வாடகைக்கு அத்தை பிடித்த கதை வெளியே வரும். அக்கா என்றால் கை போன கதையைச் சொல்ல வேண்டும், அமெரிக்கா பொய்யாகும். பியங்தே என்னைப் பார்த்தான். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"என்னை ஏன் பாக்கறீங்க, மச்சான்? எனக்கு அமெரிக்கா மட்டும்தான் தெரியும்," என்றேன்.

அவன் சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டான். மகனும் மருமகளும் துணியை ஏந்தியபடி அவனையே பார்த்தார்கள்.

"கூரோ ஆலையில... மிஷின்ல போச்சு," என்று தரையைப் பார்த்து முனகினான். "என்னைப் படிக்க வைக்கப் போயி. இவங்க என்னோட... அக்கா."

"சத்தமாச் சொல்லுடா. பின்னால நிக்கறவங்களுக்குக் கேக்கல."

மூன்று முறை சொல்ல வைத்த பிறகுதான் பழத்தை வீசினாள்.